நியூசிலாந்து சுற்றுலா: செருப்பைக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்!

நியூசிலாந்தின் தென் தீவில், குயின்ஸ்டவுன் ஊருக்கு அருகே கவரௌ ஆற்றின் குறுக்கே ஒரு பழைய பாலம் உண்டு. காலில் ரப்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு 43 மீட்டர் உயரத்திலிருந்து தலைகீழாகக் குதிக்கும் 'பஞ்சி ஜம்ப்' 1988-ல் கட்டண விளையாட்டாகத் தொடங்கியது இங்கேதான். 4 நாட்கள் நடந்து கடக்கும் 53.5 கிலோமீட்டர் மில்ஃபோர்ட் மலைப்பாதையும் இதே தீவில் இருக்கிறது. வட தீவில் எரிமலைகளுக்கு நடுவே ஒரே நாளில் நடந்து முடிக்கும் டோங்கரிரோ பாதை இருக்கிறது. இவற்றுக்காகவே உலகம் முழுவதிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். ஆனால், அங்கே போகும் விவசாயிக்கு முதல் சோதனை மலையில் இல்லை, விமான நிலையத்தில்!

விமானத்தில் வந்து இறங்கும் ஒவ்வொருவரும் ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். கடந்த 30 நாட்களில் பண்ணைக்கோ, காட்டுப் பகுதிக்கோ போனீர்களா, கால்நடைகளோடு பழகினீர்களா, உணவு, விதை, செடி ஏதாவது கொண்டு வருகிறீர்களா என்றெல்லாம் அதில் கேள்விகள் இருக்கும். மாடு கறக்கும் குடும்பம் தயங்காமல் 'ஆம்' என்றே பதில் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் தண்டனை கிடையாது. காலணியைப் பார்ப்பார்கள், மண் இருந்தால் சுத்தம் செய்யச் சொல்வார்கள். மறைத்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

இவ்வளவு கெடுபிடி ஏன்? அந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும் பங்கு பால், இறைச்சி, கிவி பழம் போன்ற பண்ணைப் பொருட்களிலிருந்துதான் வருகிறது. கோமாரி நோய் அங்கே இதுவரை ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனால், 2010-ல் டெ புகே பகுதியில் கிவி கொடிகளைத் தாக்கும் பாக்டீரியா நோய் நுழைந்தபோது, மஞ்சள் நிறக் கிவித் தோட்டங்கள் அழிந்தன. விவசாயிகள் கொடிகளை வெட்டிவிட்டு, நோயைத் தாங்கும் புது ரகத்தை ஒட்டுக்கட்ட வேண்டியதாயிற்று.

வட தீவுக் காடுகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் வாழும் கௌரி மரங்களுக்கும் இதே ஆபத்துதான். நம் ஊர் மிளகுக் கொடியை வாட வைக்கும் 'ஃபைட்டோப்தோரா' இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி, மண் வழியாக அந்த மரங்களின் வேரைத் தாக்குகிறது. நடப்பவர்களின் காலில் ஒட்டும் மண்ணே அதைப் பரப்புகிறது. அதனால் காட்டுப் பாதைகளின் வாசலில் பிரஷ்ஷும் கிருமிநாசினியும் வைத்திருக்கிறார்கள். உள்ளே போகும்போதும், வெளியே வரும்போதும் காலணியைச் சுத்தம் செய்ய வேண்டும்.

எப்போது போகலாம்?

பருவம் நமக்கு நேர்மாறு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பனிக்காலம். பிள்ளைகளுக்கு மே மாத விடுமுறை என்று கிளம்பினால் அங்கே குளிர் தொடங்கியிருக்கும். மில்ஃபோர்ட் பாதையின் நடைப் பருவமும் ஏப்ரலோடு முடிந்திருக்கும். அந்தப் பாதையில் தங்கும் குடில்களுக்குப் பல மாதங்கள் முன்பே பதிவு செய்ய வேண்டும். இந்தியர்கள் விசா வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

மூட்டை கட்டும்போது...

* தோட்டத்துச் செருப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நடைக்கான காலணி, கூடாரம் ஆகியவற்றைக் கழுவி, நன்றாகக் காயவைத்து எடுத்துச் செல்லுங்கள்.
* தேன், பழம், கறிவேப்பிலை, விதை வேண்டாம்.
* ஊறுகாய், நெய், பொடி என எது இருந்தாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள்.

கோமாரி பரவும் நாட்களில், சந்தைக்குப் போய் வந்தவர் கால் கழுவாமல் தொழுவத்துக்குள் நுழைந்தால் மாடு வைத்திருப்பவர் சும்மா விடுவாரா? நியூசிலாந்து தன் எல்லையையே அந்தத் தொழுவ வாசலாக நினைக்கிறது.