பூட்டில்லா விளையாட்டுகள்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

'விளையாட்டுப் பிள்ளை' என்பது நம் ஊர்களில் பாராட்டுச் சொல் அன்று. பொறுப்பற்றவன், உருப்படாதவன் என்பதே அதற்குப் பொருள். அதிலும் கணினி விளையாட்டு என்றால் கேட்கவே வேண்டாம். கண் கெடும், நேரம் கெடும், படிப்பு கெடும் என்று பெரியவர்கள் அடுக்குவார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. எனினும், எனக்குப் பிடித்த சில கணினி விளையாட்டுகளைப் பற்றியே இங்கு எழுத வந்திருக்கிறேன். அவை எனக்குப் பொழுதைப் போக்கித் தந்ததைவிடப் பாடம் கற்றுத் தந்தது அதிகம்.

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் என் பெரியப்பா மகளுக்கு ஒன்று கிடைத்தது. அக்கா செவிலியர் படிப்பை முடித்து வேலைக்குச் சென்றதும் அதை எனக்குத் தந்துவிட்டாள். எங்கள் வீட்டில் நுழைந்த முதல் கணினி அதுதான். அதன் நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே. விளம்பரங்களில் வரும் புதிய விளையாட்டுகள் 16 ஜி.பி. கேட்கின்றன. விலையோ ஆயிரக்கணக்கில். கடைவீதியில் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதிகள் சில்லறைக் காசுக்குக் கிடைத்தன. ஏழை என்பதற்காகத் திருட்டுப் பொருளை வாங்க வேண்டுமா என்று மனம் இடம் தரவில்லை.

அந்த மடிக்கணினியில் விண்டோஸுடன் 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், 'டெபியன்' என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. அக்காவும் அவள் தோழிகளும் அதைத் திறந்ததே இல்லையாம். நான் திறந்தேன். ஒரு வரிக் கட்டளை தட்டினால் போதும், விளையாட்டு இறங்கிவிடுகிறது. பணம் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை, விளம்பரமும் இல்லை!

இங்கே ஒரு விளக்கம் தேவை. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்டது லினக்ஸ் கருவம். அப்போது அவருக்கு வயது 21. நம்மைவிட ஓராண்டு மூத்தவர், அவ்வளவே! விண்டோஸுக்கு எழுதிய விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட 'வைன்' போன்ற இடைத்தரகர்கள் உண்டு. 2018-இல் 'புரோட்டான்' வந்தபின் அது இன்னும் எளிதாகிவிட்டது. ஆனால் நான் சொல்ல வருபவை அந்தத் தரகு தேவையில்லாமல், லினக்ஸில் நேரடியாக ஓடுபவை. அவற்றின் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது.

முதலில் 'சூப்பர்டக்ஸ்'. லினக்ஸின் சின்னமான 'டக்ஸ்' என்ற பெங்குவின் பனிநாட்டில் ஓடித் தாவிப் பகைவர்களைத் தாண்டிச் செல்லும் எளிய விளையாட்டு. 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் ஒவ்வொரு கட்டமும் நாம் படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பாகவே இருக்கிறது. ஒரு கோப்பைத் திறந்தேன். ஈர்ப்புவிசைக்கு நேரே 10 என்று இருந்தது. வகுப்பில் நாம் 9.8 என்று எழுதி எழுதித் தேய்த்த அதே எண்! அதை அழித்து 1.6 என்று நிலவின் ஈர்ப்பை எழுதினேன். டக்ஸ் தாவியது; இறங்க மனமில்லாமல் மிதந்தது. தாவும் வேகம் மாறாதபோது ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கானால் உயரம் ஆறு மடங்காகும் என்ற சூத்திரம் என் கண்முன்னே குதித்தது.

என் தந்தையார் கொத்தனார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"அந்த நம்பரை நீயா மாத்துன? யாரையும் கேக்க வேணாமா?"

"வேணாம்ப்பா. மாத்திக்கலாம்னு எழுதினவங்களே சொல்லியிருக்காங்க."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கட்டினவன் சாவியையும் சேத்துக் குடுத்திருக்கான்" என்றார். எத்தனையோ வீடுகளைக் கட்டிவிட்டு, புதுமனை புகுவிழா முடிந்ததும் வாசலோடு நின்றுவிடுபவர் அவர். இந்த மென்பொருள் தத்துவத்தை அவரைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அடுத்து, என் நெஞ்சம் கவர்ந்த 'வெஸ்நாத் போர்'. டேவிட் வைட் என்பவர் தொடங்கி 2003-இல் முதன்முதலாக வெளிவந்தது. அறுகோணக் கட்டங்களில் படைகளை மாறி மாறி நகர்த்தும் போர் விளையாட்டு. இதில் ஒரு நாளுக்கு ஆறு பொழுதுகள். நம் முன்னோர் சிறுபொழுதை ஆறாகப் பகுத்தது நினைவுக்கு வருகிறதல்லவா? ஒளியைச் சார்ந்த வீரர்களின் தாக்கும் வலிமை பகலில் 25 விழுக்காடு கூடும், இரவில் அதே அளவு குறையும். இருளைச் சார்ந்தவர்களுக்கு நேர்மாறு. பகலில் காக்கை கூகையை வென்றுவிடும் என்று காலமறிதலில் வள்ளுவர் சொல்லவில்லையா? அடுத்த அதிகாரமான இடனறிதலில், நீரில் முதலையின் வலிமையையும் கரையில் அதன் எளிமையையும் காட்டுகிறாரே, அதுவும் இங்கே உண்டு. ஈட்டி வீரன் சமவெளியில் நின்றால் அவன்மேல் ஓர் அடி விழும் வாய்ப்பு 60 விழுக்காடு. அவனே கோட்டைக்குள் நின்றால் 40 விழுக்காடு. மூன்று அடிகளும் தவறுவதற்கான நிகழ்தகவு சமவெளியில் 0.064, கோட்டையில் 0.216. மூன்று மடங்குக்கும் மேல்! நொச்சி சூடி எயில் காத்த மறவரின் கணக்கு எனக்கு இவ்வாறுதான் விளங்கியது. பள்ளியில் என்னைப் பயமுறுத்திய நிகழ்தகவு இப்போது தோழனாகிவிட்டது.

'சூப்பர்டக்ஸ்கார்ட்' வண்டிப் பந்தயம். கட்டற்ற மென்பொருள் திட்டங்களின் சின்னங்களெல்லாம் இதில் வண்டியோட்டிகள். ஒரே கணினியில் திரையைப் பிரித்து நண்பர்கள் சேர்ந்து ஆடலாம். 2019-இல் வந்த 1.0 பதிப்பு முதல் வலையமைப்பு வழியாகவும் ஆடலாம். விடுதி அறையில் ஒரே விசைப்பலகையில் இருவர் கைகள் மோதிக்கொண்டு ஆடியதில் இருக்கும் இன்பம் தனியே ஆடுவதில் ஏது?

இன்னும் சிலவற்றை ஒரு சொல்லிலேனும் குறிப்பிட வேண்டும். 2004-இல் பிறந்த 'ஓப்பன்-டி.டி.டி.' தொடர்வண்டிகளையும் பேருந்துகளையும் விட்டு நாட்டையே இணைக்கச் சொல்கிறது. பழங்காலப் பேரரசுகளின் போரான 'ஜீரோ ஏ.டி.'யில் மோரியரும் அவர்தம் யானைப் படையும் உண்டு; தொடக்கத்தில் மூடியிருந்த அதன் மூலநிரல் 2009-இல் திறந்துவிடப்பட்டது. வணிக உலகில் புகழ்பெற்ற 'டூம்' விளையாட்டின் மூலநிரலைக்கூட அதன் நிறுவனம் 1997-இல் வெளியிட்டது. திறந்து வைத்ததால் அது அழியவில்லை; இன்றும் ஆடப்படுகிறது.

கண்ணைப் பறிக்கும் காட்சியழகில் இவை கோடிகள் கொட்டி எடுத்த விளையாட்டுகளுக்கு ஈடாகா. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவற்றுள் எதன் உள்ளே கைவிட்டு நாம் ஓர் எண்ணை மாற்றிப் பார்க்க முடியும்?

"ஓசியில் வந்த கணினி, ஓசியில் வந்த விளையாட்டு" என்று எள்ளுவோர் உண்டு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் இந்தச் சொல்லைப் பேருந்தில் கேட்டிருப்பீர்கள், கடையில் கேட்டிருப்பீர்கள். சீருடை இலவசம், புத்தகம் இலவசம், சைக்கிள் இலவசம் என்று சொல்லிச் சொல்லியே நம்மைக் குனிய வைப்பார்கள். எனக்கும் அது சுட்டிருக்கிறது.

1983-இல் 'குனு' திட்டத்தை அறிவித்த ரிச்சர்டு ஸ்டால்மன் இந்த வகை மென்பொருளுக்கு 'ஃப்ரீ' என்று பெயரிட்டார். ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் விலையின்மையையும் விடுதலையையும் சேர்த்தே குறிப்பதால், தாம் சொல்வது விலையை அன்று, விடுதலையை என்று அவர் மீண்டும் மீண்டும் விளக்க வேண்டியிருந்தது. தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இலவசமாகப் பெறுபவன் கை தாழ்ந்திருக்கும். கட்டற்றதைப் பெறுபவனுக்கோ பயன்படுத்தவும், உள்ளே பார்த்துக் கற்கவும், பிறருக்குக் கொடுக்கவும், திருத்தி மேம்படுத்தவும் உரிமை உண்டு. அவன் வாங்குபவன் மட்டும் அல்லன். நாளை கொடுப்பவனும் ஆவான். அந்த மடிக்கணினி எனக்கு இலவசமாக வந்தது. அதனுள் இருந்ததோ விடுதலை.

ஆதலின் கொடுக்கவும் தொடங்கியிருக்கிறேன். இத்தகைய விளையாட்டுகளில் திரையில் தோன்றும் சொற்களெல்லாம் தனிக் கோப்பில் இருக்கும். மொழிபெயர்த்து அனுப்பினால் ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்தால் போதும். என் குறிப்பேட்டில் இதுவரை இருநூறு சொற்களுக்குத் தமிழ் எழுதி வைத்திருக்கிறேன். விடுமுறையில் ஊரிலுள்ள பள்ளிச் சிறுவர்களிடம் அவற்றைப் படித்துக் காட்டி, புரியாதவற்றை மாற்றி வருகிறேன்.

நண்பர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படியொரு பழைய மடிக்கணினி தூசு படிந்து கிடக்கலாம். எடுத்துத் துடையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஆடுங்கள். ஆடி முடித்ததும் அதன் உள்ளே திறந்து பாருங்கள். தமிழ்த் துறை மாணவர் சொல் தரட்டும். கணிதத் துறை மாணவர் கணக்கைச் சரிபார்க்கட்டும். நாங்கள் இயற்பியல் பார்த்துக்கொள்கிறோம். என் குறிப்பேட்டில் இன்னும் பல பக்கங்கள் வெறுமையாகவே உள்ளன. எழுத வாருங்கள்!