அப்பா அம்மா நல்லா இருக்கும்போதே வீட்டுக்கு நெட் லைன் போட்டுடுங்க மக்களே

1/
புதுக்கோட்டை மாவட்டத்தில் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். வார்டுல அடிக்கடி என் காதில் விழும் கேள்வி இது.

"சார், அப்பா எத்தனை நாள்ல எந்திரிச்சு நடப்பாரு? எனக்கு 14 நாள்தான் லீவு."

கேட்பவர் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ ஓடி வந்த பிள்ளை. ஆலங்குடி, அறந்தாங்கி பக்கம் வெளிநாட்டுக்கு ஆள் போகாத தெரு குறைவு.

2/
பக்கவாதம் வந்தவங்களுக்கு கை கால் பலம் திரும்புவதில் பெரும்பகுதி முதல் 3 மாதத்தில்தான். பயிற்சி, மாத்திரை, பிபி, படுக்கைப்புண் எல்லாத்தையும் பக்கத்துல இருந்து ஒருத்தர் பாக்கணும். 14 நாள் எந்த மூலைக்கு?

கட்டட வேலையில் இருப்பவருக்கு இதில் வழியில்லை. ஆனா ஐடி, கணக்கு, டிசைன் வேலைக்காரங்க பலர் கம்பெனி ஒத்துக்கிட்டா ஊர்ல இருந்தே வேலை பாக்கலாம். அப்போ கழுத்தைப் பிடிப்பது வீட்டு நெட்.

3/
முதல் சாய்ஸ் ஃபைபர். பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ, லோக்கல் கேபிள்காரர், யாராக இருந்தாலும் சரி. விளம்பரத்தைப் பாக்காதீங்க. உங்க தெருவுல எந்த லைன் ஓடுது, அறுந்தா எத்தனை நாள்ல வந்து ஒட்டுறாங்கன்னு பக்கத்து வீட்டுல கேளுங்க.

4/
ஃபைபர் வராத ஊருக்கு ஏர்ஃபைபர். ஜியோவும் ஏர்டெல்லும் 2023ல் ஆரம்பித்தது. மாடியில் ஆன்டெனா வைத்து 5ஜி டவரிலிருந்து சிக்னல் எடுக்கும். நடுவுல அடர்ந்த தென்னந்தோப்பு இருந்தா சிக்னல் குறையலாம். ஆன்டெனாவை வைத்துக் காட்டச் சொல்லி, வேகம் பார்த்த பிறகு பணம் கட்டுங்க.

5/
வேகத்தை உங்க வேலை நேரத்துல பாருங்க.
சிங்கப்பூர் காலை 9 மணி நமக்கு 6.30. அங்கே 6 மணிக்கு வேலை முடியும்போது இங்கே மதியம் 3.30. லைன் ஃப்ரீயா இருக்கும்.
நியூயார்க் கம்பெனின்னா வேலை தொடங்கவே நமக்கு சாயங்காலம் 6.30, குளிர்காலத்தில் 7.30. ஊரே சீரியலும் ரீல்ஸும் பாக்குற நேரம்!

வீடியோ மீட்டிங்குக்கு 4 எம்பிபிஎஸ் போதும், ஆனால் அப்லோடும் அந்த அளவு வரணும். லேப்டாப்பை லேன் கேபிளில் மாட்டிப் பாருங்க. நம்ம ஊர் தடிச் சுவர் வைஃபையைத் தின்னுடும்.

6/
கரண்ட் போனா?
ஃபைபர் கம்பியில் கரண்ட் ஓடாது. இரண்டு முனையிலும் பவர் இருந்தா லைன் வேலை செய்யும். வீட்டு முனைக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கி ரௌட்டரில் மாட்டுங்க. அந்த முனைக்கு பேட்டரி இருக்கான்னு கேபிள்காரரிடம் கேளுங்க.

கூடவே வேறு கம்பெனி சிம் ஒன்று ஹாட்ஸ்பாட்டுக்கு. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு கரண்டும் டவரும் இல்லாம நம்ம கிராமங்கள் கிடந்ததை மறந்திருக்க மாட்டீங்க. ஒரே லைனை நம்பி இருக்கக்கூடாது.

7/
லைன் ரெடின்னு சொல்லாம கொள்ளாம லாகின் பண்ணாதீங்க. வேறு நாட்டிலிருந்து வேலை பார்ப்பதை பல கம்பெனிகள் அனுமதிப்பதில்லை. மெயிலில் அனுமதி வாங்குங்க. ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தா வருமான வரிக்கு நீங்க இந்தியாவில் வசிப்பவர். ஆடிட்டரிடம் கேட்டுக்கோங்க.

8/
இதையெல்லாம் ஐசியூ வாசல்ல நின்னுக்கிட்டு பண்ண முடியாது. அதான் இப்பவே சொல்றேன்.

அடுத்த தடவை பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ வரும்போது ஒரு நாள் ஒதுக்கி லைன் போடுங்க. ஒரு வாரம் வீட்டுல இருந்தே வேலை பாத்து சோதிச்சுடுங்க.

நீங்க திரும்பிப் போன பிறகும் அந்த லைன் சும்மா கிடக்காது. அம்மாவோட பிபி நோட்டை வீடியோ காலில் பார்க்கலாம். அரசின் இ-சஞ்சீவனியில் இலவசமா டாக்டரிடம் காட்டலாம்.

வெளிநாட்டுல இருக்கிற உங்க அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சிக்கு இதை அனுப்புங்க.