இருக்கோ?

தூரத்துச் சேர்வரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று அறிய அதை இறக்கிப் பார்க்க வேண்டியதில்லை. 'கெட்' என்று கேட்டால் கோப்பு முழுதாக வரும். 'ஹெட்' என்று கேட்டால் உறையின் மேல் எழுதியிருப்பது மட்டும் வரும்: என்ன வகை, எவ்வளவு பெரியது, கடைசியாக எப்போது மாறியது. 1996இல் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே இரண்டும் இருக்கின்றன.

எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். போன் இல்லாத வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து எப்படிக் கதைத்தோம்? கொமினிகேஷன் கடைக்கு எடுத்து, "அம்மா நிண்டா வரச்சொல்லுங்கோ" என்று சொல்லி வைத்துவிடுவோம். கால் மணித்தியாலம் கழித்து மறுபடி எடுப்போம். முதல் அழைப்பு ஹெட், இரண்டாவது கெட். நிமிஷக் கணக்கில் காசு போன காலத்தில் எல்லோருக்கும் இந்த நெறிமுறை தெரிந்திருந்தது.

மவுண்ட் ரொஸ்கிலில் எங்களோடு இருக்கும் அப்பாவுக்கு வயது 79. 1974இல் யாழ்ப்பாணத்துச் சிற்றிதழ் ஒன்றில் அவருடைய கதை வந்தது. ஒரேயொரு கதை. மூன்று இதழோடு அந்தப் பத்திரிகை நின்றுபோனது. யாழ் பொது நூலகத்துக்கு அவர் கொடுத்த பிரதி, 1981இல் 97,000க்கு மேற்பட்ட நூல்களோடு எரிந்தது. சொந்தப் பிரதி இருந்த றங்குப்பெட்டி, 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் வீட்டோடு விடப்பட்டது. திரும்பிப் போனபோது பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை.

2005இல் 'நூலகம்' தொடங்கிய பிறகு, யாரோ ஒருவரின் அலுமாரியிலிருந்து எதுவும் வெளியே வரலாம் என்ற நம்பிக்கை பலருக்கு வந்தது. அப்பாவுக்கும். அவர் வாசிப்பதற்காக இணையச் சேகரிப்புகளிலிருந்து எழுபதுகளின் சிற்றிதழ்களை இறக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஆயிரத்துச் சொச்சம் முகவரிகள். நன்கொடையில் ஓடும் சேர்வர்களிடம் ஒவ்வொரு கிழமையும் எல்லாவற்றையும் இழுப்பது ஊர்க் கிணற்றில் பம்ப் வைத்து இறைப்பது மாதிரி. அதனால் முதலில் ஹெட். ஒவ்வொரு கேள்விக்கும் இடையில் இரண்டு செக்கன் பொறுத்தல்.

பதில்களில் 301 என்றால் வீடு மாறிவிட்டார்கள், புது விலாசம் இது. 405 என்றால் இப்படிக் கேட்கக்கூடாது. அப்போது கோப்பின் முதல் பைட்டை மட்டும் கேட்டுப் பார்க்கலாம். 200 என்றால் இருக்கிறது. ஆனால் சில இடங்களில் 200 என்று சொல்லிவிட்டு "மன்னிக்கவும்" என்ற பக்கத்தைத் தருவார்கள். பிடிஎஃப் வரவேண்டிய இடத்தில் எச்டிஎம்எல் என்றிருந்தால் நம்பாதீர்கள்.

கேட்பதற்கும் எடுப்பதற்கும் இடையில் கோப்பு மறையலாம், ஆகவே கேட்பதே வீண், நேரே எடு என்பார்கள் வேலையிடத்து இளசுகள். ஒரு கோப்பென்றால் சரிதான். ஆயிரத்துக்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

அப்பாவின் பத்திரிகை ஒரு சேகரிப்பில் அகப்பட்டது. முதலாம், மூன்றாம் இதழ்கள் 200. அவருடைய கதை இரண்டாம் இதழில். அது 404.

"404 எண்டா இல்லை எண்டுதானே, தம்பி?"

இல்லை. என்றைக்குமாகப் போய்விட்டது என்று தெரிந்தால் 410 என்று சொல்ல இடமுண்டு. 404 அப்படி எதையும் சொல்வதில்லை. இப்போது கிடைக்கவில்லை, அல்லது இருப்பதைக் காட்ட விருப்பமில்லை. இரண்டுக்கும் அதே இலக்கம். விதிமுறையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. இதைச் சொன்னேன்.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப, வச்சுக்கொண்டும் இல்லையெண்டு சொல்லலாம்?"

"சொல்லலாம் அப்பா."

"எங்கட ஊரில புத்தகம் இரவல் வாங்கின ஆக்கள் மாதிரி." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாற ஞாயிறும் ஒருக்காக் கேட்டுப் பார்."

ஞாயிறு இரவு பத்து மணிக்கு நிரல் தானாக ஓடும். அப்பா அதுவரை படுக்கமாட்டார்.