இரண்டாவது திறப்பு

பழைய காரொன்றை நம்பிக் காலை ஏழு மணி வேலைக்குப் போகிற மனிதனுக்கு, தை மாதத்து விடியற்காலையில் அந்தக் கார் ஸ்ரார்ட் ஆகாமற்போனால், அது ஒரு யந்திரத்தின் கோளாறு என்ற அளவோடு நின்றுவிடுவதில்லை. ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறவன் ஒரு நாள் பிந்தினால் மறுவாரம் அவனுக்கு அழைப்பு வருமென்ற நிச்சயமில்லை. தொழிற்சாலை இருக்கும் பக்கத்துக்கு அந்த நேரத்தில் பஸ்ஸும் இல்லை. டாக்சிக்குக் கொடுக்கும் பணம் அரைநாட் சம்பளத்தை விழுங்கிவிடும். இவ்வளவும் மனத்தில் ஓட, கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்புறத் தரிப்பிடத்தில், குளிர் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையைத் தொட்டிருந்த ஒரு காலையில், விறைத்த விரல்களால் நான் திறப்பைத் திரும்பத் திரும்பத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

கார் முற்றாக மௌனம் சாதித்திருந்தால் பற்றரியின் ஆயுள் முடிந்துவிட்டதென்று தீர்மானித்திருப்பேன். நடந்ததோ வேறு. ஸ்ரார்ட்டர் வழக்கம்போலச் சுழன்றது, என்ஜினும் பற்றிக்கொண்டது, ஆனால் இரண்டு விநாடி ஓடிவிட்டு, யாரோ வாயைப் பொத்தியதுபோலச் சட்டென்று அடங்கிவிட்டது. ஐந்தாறு தடவை இதுவே நிகழ்ந்தது. பக்கத்துக் கார்க்காரர் தம்முடைய வேலைக்குப் பிந்துவதையும் பொருட்படுத்தாமல் கேபிள் மாட்டிப் பூஸ்ட் கொடுத்தார். அந்த உபகாரத்தாலும் பிரயோஜனம் விளையவில்லை. காருக்கு முன்னால் நின்று நாங்கள் இருவரும் பெற்றோல் பம்பைப் பற்றி ஆலோசித்துக்கொண்டிருந்தபோது, டாஷ்போர்டின் மூலையில் பூட்டின் வடிவம் கொண்ட சின்னஞ்சிறு சிவப்பு விளக்கொன்று விடாமல் மினுங்கிக்கொண்டிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

கவனித்தவர் நாலாம் மாடியில் வசித்த பெரியவர். ஊரில் கோண்டாவில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர்; வயது வித்தியாசம் பாராமல் கட்டடத்திலுள்ள தமிழர் அனைவருக்கும் அவர் அண்ணை. தம்முடைய காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தவர், என் காரின் சத்தத்தைக் கேட்டே வந்துவிட்டார்.

"நிப்பாட்டும் தம்பி. பற்றரியிலை ஒரு பிழையும் இல்லை. அங்கை மினுங்கிற லைற்றைப் பாரும். கார் உம்மை மட்டுக்கட்டேல்லை."

திறப்புக் கோர்வையை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறுத்தப் பிளாஸ்ரிக் தலையுள்ள கார்த் திறப்புகள் அதில் இரண்டு இருந்தன.

"மற்றது ஆற்றை?"

"மச்சான்ரை. ஊருக்குப் போகேக்கை தந்திட்டுப் போனவர். நேற்று இரவுதான் கொழுவினனான்."

கையுறையைக் கழற்றி, அரைநூற்றாண்டுக் காலக் கிறீஸ் ஊறிக் கறுத்திருந்த கட்டைவிரல் நகத்தால் இரும்பு வளையத்தை நெம்பி, மச்சானுடைய திறப்பைப் பிரித்தெடுத்து அதைத் தம்முடைய பொக்கற்றில் போட்டுக்கொண்டார். கதவைச் சாத்தி, ஐந்து நிமிஷம் காரை ஒன்றும் செய்யாமல் விடச் சொன்னார். பின்பு என் திறப்பை மட்டும் தனியே போட்டுத் திருப்பச் சொன்னார். விளக்கு அணைந்தது, என்ஜின் நின்றுவிடாமல் ஓடிற்று.

அந்த ஐந்து நிமிஷத்தில் அவர் சொன்ன விளக்கத்தை, பிற்பாடு நான் சிரத்தையோடு தேடிப் படித்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓர் அட்சரமும் பிழையில்லை. திறப்பின் பிளாஸ்ரிக் தலைக்குள் அரிசிமணி அளவிலோ சற்றுப் பெரிதாகவோ ஒரு சிப் பதிந்திருக்கிறது; அதற்குப் பற்றரி இல்லை. திறப்புத் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் எழுப்புகிற காந்தப்புலத்திலிருந்தே அது தனக்கு வேண்டிய சக்தியைப் பெற்று, தன் இரகசியக் குறியைப் பதிலாக அனுப்புகிறது. குறி பொருந்தினால் மாத்திரமே என்ஜினை ஆளுகிற கம்ப்யூட்டர் எரிபொருளை அனுமதிக்கும். பொருந்தாவிட்டால் சில கார்கள் ஸ்ரார்ட்டரையே சுழலவிடா, வேறு சில என்னுடையதைப்போல ஒரு கணம் ஓடவிட்டு நிறுத்திவிடும். இரண்டு சிப்புகள் அருகருகே இருந்து ஒரே சமயத்தில் பதில் சொன்னால் கம்பிச்சுருளுக்கு இரண்டு பேச்சும் கலந்து கேட்கிறது, ஒன்றும் விளங்குவதில்லை. பற்றரி தளர்ந்திருந்தாலும் இத்தகைய குழப்பம் நேர்வதுண்டு. பழைய கார்கள் சிலவற்றில் திறப்பை ஓன் நிலையில் வைத்துவிட்டு, விளக்கு அணையும்வரை ஏறக்குறைய 10 நிமிஷம் பொறுத்திருந்து, அதையே மும்முறை செய்தால்தான் கார் இணங்கும். அமுக்கி ஸ்ரார்ட் பண்ணுகிற புதிய கார்களிலோ, கையிலுள்ள திறப்பின் காசு வடிவப் பற்றரி தீர்ந்துபோனால், அந்தத் திறப்பையே பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அமுக்கினால் அநேகமாகப் போதும்.

இம்மொபிலைசர் எனப்படும் இந்தப் பூட்டின்மேல் எனக்குக் கோபமில்லை. 2007 செப்டெம்பர் முதலாந் தேதியிலிருந்து கனடாவில் விற்பனைக்கு வரும் புதிய கார்களில் இம்மொபிலைசர் இருந்தாக வேண்டுமென்பது சட்டம்; எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் அத்தகைய சட்டம் இல்லாதபடியால், அது பொருத்தப்படாத கார்களைச் சிறுபையன்கள்கூடக் கிளப்பிக்கொண்டு போன செய்திகளை நாம் வாசித்தோம். திறப்பின் சமிக்ஞையைத் தூரத்திலிருந்தே கவர்ந்து காரைக் கொண்டுபோகும் வித்தையைத் திருடர் இன்று கற்றுவிட்டார்கள் என்பதும், களவு போனவற்றுள் பல மொன்றியல் துறைமுகம் வழியாகக் கப்பலேறுகின்றன என்பதும், 2024 பெப்ரவரியில் ஒட்டாவாவில் இதற்கென்றே தேசிய மகாநாடு கூட்டவேண்டி வந்தது என்பதும் மெய்தான். ஆயினும் பழைய காருக்குச் சட்டம் வற்புறுத்துகிற அளவு இன்சூரன்ஸ் மட்டும் எடுத்து, களவுக்கான பகுதியைச் செலவுக்கு அஞ்சி விட்டுவிடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு, கார் போனால் ஒரு சதமும் திரும்பி வராது. ஆகையால் அந்தச் சிவப்பு விளக்கு முதன்மையாகக் காவல் செய்வது ஏழையின் உடைமையைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

என்னுடைய வருத்தம் வேறோரிடத்தில். கார் மூன்றாவது நான்காவது கைக்கு வரும்போது, அதனோடு பிறந்த கைந்நூலும் இரண்டாவது திறப்பும் வழியில் எங்கோ தவறிவிடுகின்றன. எனக்குக் காரை விற்றவர் ஒரேயொரு திறப்பைத்தான் தந்தார். விலை குறைந்த சந்தோஷத்தில் நானும் கேட்கவில்லை. அன்று கோளாறு என் திறப்பின் சிப்பிலேயே இருந்திருக்குமானால், அதைப் பரீட்சித்துப் பார்க்க வேறு திறப்பு இல்லை; காரை இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புவதைத் தவிர அண்ணையாலும் ஒன்றும் செய்திருக்க இயலாது. வேலை செய்கிற திறப்புகள் இரண்டு கையில் இருந்தால், மூன்றாவதொன்றை உரிமையாளரே காருக்கு அறிமுகப்படுத்திவிடக்கூடிய கார்கள் பல உண்டு. ஒன்று மாத்திரம் இருந்தால் அதற்கும் வழியில்லை. இருந்த ஒன்றும் தொலைந்துவிட்டாலோ சில நூறு டொலர் செலவாகும்.

அன்று நாற்பது நிமிஷம் பிந்தி வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். மேற்பார்வையாளர் நேரத்தைக் குறித்துக்கொண்டார். அடுத்த வாரமும் அழைப்பு வந்தது. அடுத்த சம்பளத்தில், பூட்டுத் திறப்பு வேலை செய்கிற ஒருவரைக் கொண்டு இரண்டாவது திறப்பைச் செய்வித்து, அதை அண்ணையின் வீட்டிலேயே கொடுத்து வைத்தேன்.

புதிதாக இந்த நாட்டுக்கு வந்து பழைய கார் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். ரயரையும் துருவையும் பார்ப்பதற்கு முன்பாக, இரண்டு திறப்பும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இரண்டையும் தனித்தனியே போட்டுக் காரை ஸ்ரார்ட் பண்ணிப் பாருங்கள். அதன் பிறகு பணத்தை எண்ணுங்கள்.