நாற்பத்து மூன்று அங்குலம்

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் வீட்டு டிவியில் மேலிருந்து கீழாகப் பச்சையும் சிவப்புமாய்க் கோடுகள் விழுந்தன. எழுந்து போய் ஒரு தட்டு தட்டினேன். பழைய பெட்டி என்றால் தட்டினால் வழிக்கு வரும். இதில் கோடு இரண்டு கூடியதுதான் மிச்சம். மறுநாள் வந்த மெக்கானிக் தம்பி ஸ்க்ரூ டிரைவரைக்கூட வெளியே எடுக்கவில்லை.

"பேனல் போயிட்டு அண்ணாச்சி. அதை மாத்துற காசோட இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிரலாம்" என்றான்.

2014-ல் வாங்கிய 32 அங்குலப் பெட்டி. பதினோரு வருஷம் உழைத்திருக்கிறது. குறை சொல்ல முடியாது.

டிவி வாங்குவது எனக்குப் புதிதல்ல. சொல்லப்போனால் டிவிக்கும் எனக்கும் உத்தியோகத் தொடர்பே உண்டு. நான் தபால் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்த காலத்தில் டிவி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். பேரனிடம் சொன்னால் "துப்பாக்கிக்கா தாத்தா?" என்று கேட்கிறான். ரேடியோவுக்கும் உண்டு, டிவிக்கும் உண்டு. டிவிக்கு வருஷம் 50 ரூபாய், தபால் ஆபீசில் கட்ட வேண்டும். எண்பதுகளின் நடுவில் அதை எடுத்துவிட்டார்கள். அதுவரை பாளையங்கோட்டையில் யார் யார் வீட்டில் டிவி இருக்கிறது என்று விரல்விட்டுச் சொல்லுவேன். அவர்கள் பார்த்ததும் சென்னை தூர்தர்ஷன் இல்லை. 1975-லேயே சென்னையில் டிவி வந்துவிட்டாலும் எங்கள் பக்கம் அது எட்டவில்லை. கடலுக்கு அந்தப்பக்கம் 1982-ல் தொடங்கிய ரூபவாஹினிதான் எங்களுக்கு டிவி. மொட்டை மாடியில் நாற்பது அடிக் குழாயை நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்தால் சிங்களச் செய்தியும் நடுநடுவே தமிழ் நிகழ்ச்சியும் வரும். புரிகிறதோ இல்லையோ, திண்ணை நிறைய ஆள் இருக்கும்.

கொடைக்கானல் டவர் வந்த பிறகுதான் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் எங்களுக்குக் கிடைத்தது. 1988-ல் சொசைட்டியில் லோன் போட்டு ஒரு கறுப்பு வெள்ளை சாலிடேர் வாங்கினேன். மரப்பெட்டி, இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற கதவு. அதற்கு என் மனைவி எம்பிராய்டரி போட்டு ஓர் உறை தைத்தாள். ஆனி, ஆடிக் காற்றில் ஆன்டெனா தினமும் திரும்பிக்கொள்ளும். நான் மாடிக்கு ஏறிக் குழாயைப் பிடித்துத் திருப்ப, அவள் கீழே டிவிக்கும் முற்றத்துக்குமாக நடப்பாள்.

"தெரியுதா?"

"புள்ளி புள்ளியா வருது."

"இப்ப?"

"வந்துட்டு, வந்துட்டு, அசைக்காதீங்க!"

அந்தக் காற்றிலும் நான் சாதாரணமாகப் பேசினால் அவளுக்குக் கேட்டுவிடும். பக்கத்து வீட்டுக்காரர் தன் பையனை நிறுத்திவைத்துத் தொண்டை கிழியக் கத்துவார். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பிறகு கலர் டிவி வந்தது, கேபிள் வந்தது, அதற்கப்புறம் தட்டைக் கண்ணாடி போட்ட குழல் டிவி, கடைசியாக இந்த எல்.ஈ.டி. இனி வாங்கப்போவது ஐந்தாவது.

விஷயம் தெரிந்ததும் பெங்களூரில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்ப ஆரம்பித்தான். எல்லாம் 65 அங்குலம். "அப்பா, செப்டம்பர் 22-லேர்ந்து 32 அங்குலத்துக்கு மேல உள்ள டிவிக்கு ஜி.எஸ்.டி. 28-லேர்ந்து 18 ஆயிட்டு. இப்ப பெருசா வாங்காம எப்ப வாங்குவீங்க?" என்றான். எங்கள் ஹாலில் சோபாவுக்கும் சுவருக்கும் எட்டடி. 65 அங்குலத்தை அங்கே மாட்டினால் செய்தி வாசிப்பவர் மடியில் வந்து உட்கார்ந்துவிடுவார். தவிர, வீடு கட்டும்போது ஆசாரியை வைத்துச் செய்த தேக்கு ஷோகேஸ் இருக்கிறது. அதன் நடுக்கட்டம் 34 அங்குல அகலம். டேப்பை எடுத்து அளந்தேன். டிவியின் அளவு மூலைக்கு மூலை என்பதை மறந்துவிடக் கூடாது. 43 அங்குல டிவி அகலத்தில் கிட்டத்தட்ட 38 வரும். உள்ளே போகாது, சுவரில்தான் மாட்ட வேண்டும். வாங்கிக் கொண்டுவந்த பிறகு ஷோகேஸின் பலகையை அறுத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். ரிட்டையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை! ஹெச்.டி. ரெடி என்றால் திரையில் சுமார் பத்து லட்சம் புள்ளிகள், ஃபுல் ஹெச்.டி. இருபது லட்சம், 4கே என்றால் 83 லட்சம். ஆனால் நம் கேபிளில் வரும் சாதாரண சேனலில் இருப்பதே நாலு லட்சம் சொச்சம்தான். மீதியை டிவியே குத்துமதிப்பாகப் போட்டு நிரப்பிக்கொள்ளும். திரை பெரிதாகப் பெரிதாக அந்தக் குத்துமதிப்பு வெளியே தெரியும், முகமெல்லாம் மாவு பூசியது போல. கடையில் இதைக் காட்டமாட்டார்கள். அங்கே ஓடுவது அதற்கென்றே எடுத்த படம். மீன், பூ, ராத்திரி நேரத்து வெளிநாட்டு நகரம். நிறத்தையும் வெளிச்சத்தையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். "கேபிள் கனெக்‌ஷன் கொடுத்து சாதாரண சேனலைப் போடு தம்பி" என்று கேட்டுப் பார்ப்பதுதான் சரி.

வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய கடைக்கு இருவருமாகப் போனோம். ஒரு சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே மீன். கடைப் பையன் நல்ல பிள்ளை. க்யூ.எல்.ஈ.டி., ஓ.எல்.ஈ.டி. என்று அவன் அடுக்க, நான் என் தாளில் எழுதி வைத்திருந்த கேள்விகளை அடுக்கினேன். சுவரில் மாட்டும் கம்பி விலையில் சேர்ந்ததா? பேனலுக்கு வாரன்டி எத்தனை வருஷம்? என் மனைவி எதிலும் கலந்துகொள்ளவில்லை. பையன் கேபிளைக் கொடுத்துச் செய்தி சேனலைப் போட்டதும்தான் முன்னால் வந்தாள்.

"கீழ ஓடுற எழுத்து இதுல பெருசா வருமா தம்பி?"

"நாப்பத்தி மூணுல நல்லா பெருசா வரும்மா."

அவள் நாலடி பின்னால் போய் நின்று படித்துப் பார்த்தாள். அடுத்த டிவிக்குப் போனாள். அங்கேயும் எழுத்தைத்தான் படித்தாள். படம் எப்படி, நிறம் எப்படி என்று ஒரு வார்த்தை கிடையாது.

"எழுத்தை எதுக்கு இப்படிப் பாக்க?" என்று கேட்டேன்.

"அதத்தானே நான் படிக்கேன்" என்றாள், ரொம்பச் சாதாரணமாக.

"அப்ப சீரியல்?"

"மூஞ்சியப் பாத்தா தெரியாதா, என்ன சொல்லுதாங்கன்னு?"

எனக்குச் சுருக்கென்றது. போன பொங்கல் வரைக்கும் எங்கள் வீட்டில் டிவி சத்தத்துக்காகத் தினமும் சண்டை. அவள் 45-ல் வைப்பாள், நான் போய் 20-க்குக் குறைப்பேன். "தெருவுக்கே கேக்கணுமா?" என்று ஒருநாள் கத்தியும்விட்டேன். மருமகள் பக்கத்தில் இருந்தாள். அதன் பிறகு அவள் ரிமோட்டைத் தொடவே இல்லை. பரவாயில்லை, நம் பேச்சுக்கு மரியாதை இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். பத்து மாதமாக அவள் எதிரே உட்கார்ந்து ஊமைப் படம் பார்த்திருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

பையன் பில் போடத் தயாராக இருந்தான். "நாளைக்கு வாரோம் தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். அவளுக்குக் காரணம் புரியவில்லை, விலை படியவில்லை என்று நினைத்தாள். ஆட்டோவில் நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தாலும் அந்த இரைச்சலில் அவளுக்குக் கேட்டிருக்காது. எத்தனை நாளாக ஆட்டோவில் நான் பேசியதற்கெல்லாம் அவள் சும்மா தலையாட்டியிருக்கிறாளோ!

காது டாக்டரிடம் கூட்டிப்போவதற்கு நாலு நாள் ஆயிற்று. "எனக்கென்ன, நல்லாத்தான் கேக்கு" என்பதுதான் முதல் பதில். அப்புறம் "மிஷின் மாட்டினா கிழவின்னு சொல்லுவாங்க" என்றாள். அவளுக்கு அறுபத்தைந்து. காது கேட்காமல் எதையாவது ஒன்று கேட்டால் வேறொன்றைச் சொல்வதைவிட, மிஷின் மாட்டினால்தான் கிழவி என்று தெரியுமாம். மகளைப் பேச வைத்து ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன்.

சின்னக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியில் இருந்து பார்த்தேன். ரொம்ப நேரம் அவள் அழுத்தவே இல்லை. பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி முகம். சோதனை செய்த பெண் என்னிடம் வரைபடத்தைக் காட்டி விளக்கினாள். வயதானால் முதலில் போவது கீச்சுச் சத்தங்கள். அ, ஆ, ஓ எல்லாம் கேட்கும். ச, த, ப, ஸ மாதிரியானவை நழுவிவிடும். அதனால் சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. வால்யூமைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும்.

"புது டிவி வாங்கப் போறோம்மா. சத்தம் நல்லா இருக்கிறதா எதை வாங்கலாம்?" என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்தாள். "எதை வாங்கினாலும் ஒண்ணுதான் சார். இப்ப டிவி தட்டையாயிட்டு, ஸ்பீக்கருக்கு இடம் இல்ல. கீழ பாத்தோ பின்னால பாத்தோ வச்சிருக்கான். நல்ல காது உள்ளவங்களே திணறுதாங்க" என்றாள். பழைய சாலிடேரில் ஸ்பீக்கர் முன்னால் நம்மைப் பார்த்து இருக்கும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

டிவிக்காக எடுத்து வைத்தது ஐம்பதாயிரம். இரண்டு காதுக்கும் மிஷின் ஐம்பத்திரண்டாயிரம் என்றார்கள். டிவியே வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "காதை மாட்டிக்கிட்டு என்னத்தக் கேக்க, உங்க பேச்சையா?" என்றாள். வைப்புநிதியில் ஒன்றை முறித்து இரண்டையும் வாங்கினோம். டிவி, க்யூ, ஓ எதுவும் இல்லாத சாதாரண 43 அங்குலம், இருபத்தாறாயிரம். கடைப் பையனிடம் இந்த முறை என் கேள்விகள் வேறு. ஹெட்போன் மாட்ட ஓட்டை இருக்கிறதா? அதை மாட்டினால் டிவி ஸ்பீக்கர் ஊமையாகிவிடுமா, இரண்டிலும் சேர்ந்து வருமா? பேச்சை மட்டும் தெளிவாக்கும் செட்டிங் உண்டா? "இதெல்லாம் யாருமே கேக்க மாட்டாங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, அவனே மெனுவுக்குள் போய்த் தேடினான். இரண்டிலும் சேர்ந்து வருகிற டிவி அந்தச் சுவரில் நாலே நாலுதான் இருந்தது. அதில் ஒன்றை எடுத்தோம்.

மாட்ட வந்தவர் வழக்கப்படி அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் பென்சிலால் குறி போட்டார். சாமி படம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. சோபாவில் உட்கார்ந்து கண்ணுக்கு நேராக வரும்படி இறக்கச் சொன்னேன். நிறத்தையும் கடை வெளிச்சத்திலிருந்து வீட்டு வெளிச்சத்துக்கு மாற்றி வைத்தேன்.

மிஷின் மாட்டிய முதல் நாள் அவள் சந்தோஷப்படவில்லை. ஃபேன் இவ்வளவு கத்துமா, பாத்திரம் கழுவினால் தலைக்குள் அடிக்கிறது என்று கழற்றிக் கழற்றி வைத்தாள். பழக ஒரு மாதமாவது ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மூன்றாவது நாள் சாயங்காலம் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மாமியாராக வருகிற அம்மாள் வாயைத் திறந்ததும் இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இவ குரலா இது? நல்லாவே இல்லையே! நான் வேற மாதிரியில்ல நினைச்சிருந்தேன்" என்றாள்.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. நேற்று ராத்திரி செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். ரிமோட் என் கையில் இருந்தது.

"ஏங்க, இருவத்தி ரெண்டு எதுக்கு வச்சிருக்கீங்க? பதினாலு போதும்" என்றாள்.

குறைத்தேன். பதினாலில் செய்தி வாசிப்பவர் சொன்னதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. கீழே ஓடிய எழுத்தைப் படித்துக்கொண்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.