வெள்ளை உடுப்பும் பிளீச் போத்தலும்

மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை நீளும் எமது கரையோர ஊர்களில் வெள்ளை ஆடைக்குத் தனி மரியாதை உண்டு. ஜும்ஆவுக்குச் செல்லும் ஆண்கள் வெள்ளையையே விரும்புவர். பாடசாலை செல்லும் பெண் பிள்ளைகளின் நீண்ட சீருடையும் பர்தாவும் வெள்ளை. அவற்றை வெள்ளையாகவே வைத்திருக்கும் பொறுப்பு மாத்திரம் வீட்டுப் பெண்களின் தலையில் விழுகிறது. முன்னர் அதற்கு வெயிலும் நீலமும் போதுமாக இருந்தன. இன்று பிளீச் போத்தல் இல்லாத குளியலறை அரிது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னரே அந்த வாசனை எமக்கு நெருக்கமானது என்பது எனது எண்ணம். உப்பும் சேறும் நிறைந்த கிணறுகளை இறைத்துக் குளோரின் தூள் இட்டார்கள். செய்தி சேகரிக்கச் சென்ற இடமொன்றில், மிஞ்சிய தூளை ஊறவைத்த உடுப்புகளின் மீது அப்படியே தூவியதைக் கண்டேன். கரையாத மணிகள் பட்ட இடமெல்லாம் துணி நைந்து ஓட்டையானது. அதுவும் நிவாரணமாகக் கிடைத்த உடுப்பு!

பிளீச் சவர்க்காரத்துக்கு மாற்றீடு அல்ல. அதன் பிரதான வேலை நிறத்தைச் சிதைப்பது. அழுக்குத் துணியில் ஊற்றினால் அதன் வலு அழுக்கோடு மோதியே தீர்ந்துவிடும். ஆகவே முதலில் சவர்க்காரமிட்டுத் தோய்த்து அலச வேண்டும். பின்னர் லேபலில் குறிப்பிட்ட அளவு பிளீச்சை வாளி நிறைந்த குளிர்ந்த நீரில் கலந்து, அதன் பிறகே துணியை இட வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடங்கள் போதும்; இரவு முழுவதும் ஊறவிட்டால் பருத்தி நூலே இற்றுப்போகும். பட்டும் கம்பளியும் இதன் பக்கமே வரக்கூடாது. மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் நிறமும் இதற்குத் தாங்காது.

இன்னொரு விடயம் பலர் கவனியாதது. இரும்புச்சத்துள்ள கிணற்று நீரில் பிளீச் கலந்தால், கரைந்திருக்கும் இரும்பு துருவாக மாறித் துணியில் படியும். சீருடை மஞ்சளாகிவிட்டதே என்று மேலும் பிளீச் ஊற்றுவார்கள்; மஞ்சள் இன்னும் கூடும். அந்தக் கறைக்குத் தேசிக்காய்ப் புளி நல்லது. ஆனால் பிளீச் முற்றாக நீங்கும்வரை துணியை அலசிய பின்னரே அதைப் பூச வேண்டும்.

ஏனெனில், பிளீச்சோடு புளிப்பான எது சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளியேறும். வினாகிரியும் அப்படித்தான், கொமட் கழுவும் அசிட் அதைவிட மோசம். 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜேர்மன் படை திறந்துவிட்டதும் இதே வாயுவைத்தான். எனது உறவுக்காரப் பெண்ணொருவர், உடுப்பு ஊறிய பிளீச் நீரைக் கொமட்டில் ஊற்றி, அதன் மேலேயே அசிட்டையும் ஊற்றினார். யன்னல் இல்லாத குளியலறை. கண் எரிந்து, மூச்சு அடைத்து, சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார். இரண்டு நாட்கள் இருமல் நிற்கவில்லை. நல்லவேளை, கதவில் தாழ்ப்பாள் இடவில்லை. அப்படி நேர்ந்தால் வாளியைத் தூக்கிக் கொட்ட நிற்காமல் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். மூச்சு சீராகாவிட்டால் வைத்தியசாலைக்குச் செல்லத் தாமதிக்கலாகாது. அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களோடு பிளீச் சேர்ந்தாலும் நச்சு வாயுவே வரும்.

எமது வெக்கையில் பிளீச் விரைவாக வலுவிழக்கும் என்பதால் சிறிய போத்தலாக வாங்கி நிழலில் வைப்பதே இலாபம். பெரிய கலனில் வாங்கிப் பழைய சோடாப் போத்தல்களில் பங்கிட்டு வைக்கும் வழக்கம் எமது வீடுகளில் இருக்கிறது. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அதுவும் ஒரு சோடாப் போத்தல்தான்.