ஆள் சேர்த்தவர் யார்?

கல்கத்தாவின் கிடர்பூர் வட்டாரத்து டீக்கடைகளில் முகமதன் ஸ்போர்ட்டிங் ஃபுட்பால் கிளப்பின் பேச்சு எழுந்தால், பெரியவர்கள் நேராக 1934-க்குப் போய்விடுவார்கள். கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய அணி. அந்த வருடம் தொடங்கி 1938 வரை, ஐந்து தடவை வரிசையாகக் கோப்பை. பெங்களூர் வரை ஆளனுப்பி ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்த கிளப் அது. மழைக்காலச் சேற்றில் மற்ற இந்திய அணிகள் வெறுங்காலோடு வழுக்கிக்கொண்டிருக்க, இவர்கள் பூட்ஸ் போட்டு ஆடினார்கள். அதற்குப் பிறகு வந்த எந்தக் கோச்சையும் அந்த ஐந்து வருடத்தின் பக்கத்தில் நிறுத்தி, "அந்த மாதிரி ஆளெடுக்கத் தெரியுமா இவனுக்கு?" என்று கேட்பது அங்கே வழக்கம். 2024-ல் ஐ-லீக்கை வென்று அணியை ஐ.எஸ்.எல்.லுக்கு ஏற்றிய ரஷ்யக் கோச் ஆந்திரே செர்னிஷோவும் அந்தக் கேள்விக்குத் தப்பவில்லை.

எனக்கு அந்தக் கேள்வியே நியாயமாகப் படுவதில்லை. 1930-களில் ஆளைத் தேடிப் போனவர்கள் கிளப் நிர்வாகிகள். இன்று ஏஜென்ட், ஒப்பந்தம், வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு உச்சவரம்பு, முதலீட்டாளரின் பை என்று எல்லாம் கலந்த பிறகுதான் ஓர் ஆட்டக்காரர் மைதானத்துக்கு வருகிறார். இதில் கோச்சின் பங்கு எவ்வளவு என்று பிரிக்காமல் மார்க் போடுவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த மார்க் போடுதலையே பெரிய தொழிலாக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய ஃபுட்பால் வேறு ஆட்டம். ஆனால் தொல்லை ஒன்றுதான். பள்ளி முடிக்கும் பையன்களுக்கு நட்சத்திரம் கொடுத்து, புதுக் கோச் எத்தனை நட்சத்திரம் சேர்த்தார், முன்பிருந்தவர் எத்தனை சேர்த்தார் என்று கூட்டிக் கழிக்கிறார்கள். முதல் வருடம் சேரும் பையன்களில் பலரிடம் பழைய கோச்தான் வீடு தேடிப் போய்ப் பேசியிருப்பார். கணக்கு மட்டும் புதியவர் பேரில் ஏறும்.

நம் ஊரில் கோச் பி. கே. பானர்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 1970 முதல் 1975 வரை ஈஸ்ட் பெங்கால் ஆறு வருடம் தொடர்ந்து லீக் எடுத்தது. அவர் பேரோடு சேர்த்தேதான் அதைச் சொல்வார்கள். ஆனால் அவர் வந்தது 1972-ல். முதல் இரண்டு லீக்கும், 1970-ல் ஈரானின் பாஸ் அணியைத் தோற்கடித்து எடுத்த ஐ.எஃப்.ஏ. ஷீல்டும் அவருக்கு முந்தியவை. இதனால் அவர் பெருமை குறையாது. கையில் கிடைத்த நல்ல அணியைக் கெடுக்காமல் இன்னும் நான்கு வருடம் ஜெயிக்க வைப்பது சாதாரண வேலையில்லை. அவருடைய ஆளெடுப்பைச் சோதித்த வருடம் என்று நான் நினைப்பது, ஈஸ்ட் பெங்கால் மறுபடி அவர் கையில் இருந்த 1980-ஐ. 'தல்பதல்' என்று கல்கத்தா சொல்லும் அணி மாறும் காலத்தில் ஈஸ்ட் பெங்காலின் முக்கிய ஆட்டக்காரர்கள் கும்பலாகக் கிளம்பி முகமதனுக்குப் போய்விட்டார்கள். கிடர்பூருக்குக் கொண்டாட்டம். காலியான அணிக்கு வந்து சேர்ந்தவர்கள், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஈரானிய மாணவர்கள் மஜித் பிஷ்கர், ஜம்ஷித் நசிரி. ஊரறிந்த பெயர்கள் போன இடத்தில் கல்லூரிப் பையன்கள்! அந்த அணி அதே வருடம் ஃபெடரேஷன் கோப்பையை மோகன் பகானோடு பகிர்ந்துகொண்டது. முகமதனும் 1981-ல் லீக் எடுத்தது; 1982-ல் மஜித்தும் ஜம்ஷித்தும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த புண்ணியத்தை எந்தக் கிளப் பேரில் எழுதுவது?

பெரிய கிளப்புகளை விடுங்கள். இந்த வட்டாரத்தின் பெயரையே தாங்கிய கிடர்பூர் கிளப் லீக்கில் ஆடிய சின்ன அணி. பணமும் கிடையாது, கூட்டமும் கிடையாது. அங்கே கோச்சாக இருந்த அச்யுத் பானர்ஜியின் கண்ணில் பட்டவர் ஹூக்ளிப் பையன் சுரஜித் சென்குப்தா. வலது ஓரத்தில் பந்தைக் காலோடு ஒட்டிவைத்துக்கொண்டு, எதிராளி எடையை எந்தக் காலில் போடுகிறான் என்று பார்த்து மறுபக்கம் நழுவுவார். அந்த நிதானத்தை இருபது வயதுப் பையனிடம் அடையாளம் காண, கோல் கணக்கைத் தாண்டிப் பார்க்கத் தெரிய வேண்டும். 1972-ல் மோகன் பகான் அவரைக் கூட்டிப்போனது, 1974-ல் ஈஸ்ட் பெங்கால். 1975 ஷீல்டு இறுதியாட்டத்தில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் ஐந்துக்குப் பூஜ்யம் என்று நொறுக்கியபோது முதல் கோல் சுரஜித்துடையது. ஐந்து கோலும் பி. கே. கணக்கில் இருக்கின்றன. 1980-ல் முகமதனுக்குப் போன கூட்டத்தின் முன்னால் நின்றவரும் இதே சுரஜித்தான்.

அச்யுத் பானர்ஜிக்கு முன்னால் இருந்தவரோடு அவரை ஒப்பிட என்ன அளவுகோல் வைப்பீர்கள்? கோப்பை வைத்தால் அவர் தேறமாட்டார். ஆட்டக்காரர் எத்தனை வருடம் தங்கினார் என்று பார்த்தாலும் தேறமாட்டார். தேறினவர்களெல்லாம் போய்விட்டார்கள், போகத்தான் தேறினார்கள். என்னைக் கேட்டால், ஒரு கோச்சின் ஆளெடுப்புக்கு மார்க் போடுகிறவர்கள் அவர் விலகி ஐந்தாறு வருடம் கழித்துப் போட வேண்டும். அவர் சேர்த்த பையன்கள் அப்போது எந்தச் சட்டையில், யாருக்காக ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கிளப் கிளப்பாகப் போய்ப் பார்த்து எழுத வேண்டும்.